காட்டுவதற்கு ஒரு தொட்டி

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று மேனேஜர் சொன்ன நிமிடத்திலிருந்து தொட்டிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கையிலிருந்த ஸ்பேனரை ஒரு வால்வின் மேல் வைத்துவிட்டு, அதையே கொட்டகை முழுக்கத் தேடினார். பாய்லர்காரர் பார்த்துச் சிரித்ததற்கு, "என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு?" என்று எரிந்து விழுந்தார். சாதாரணமாக அப்படி விழுகிற ஆள் இல்லை.

மேனேஜருக்கோ ஒரே குஷி. "சுற்றுச்சூழல் மன்றமாம். ஊர்ல இருக்கிற ஒவ்வொரு கம்பெனியா போய்க் கேள்வி கேக்கறாங்களாம். கேக்கட்டுமே. மத்தவன்லாம் கதவச் சாத்திக்கறான், நாம தொறந்து வெப்போம். நம்மகிட்டதான் மீன் இருக்கே," என்றார்.

அந்தக் கம்பெனியில் நடப்பது ஜீன்ஸ் சலவை. கடைக்குப் போகும் முன்பே புதுத் துணியைத் துவைத்து, வெளுத்து, தேய்த்து, பல வருஷம் உடுத்திய மாதிரி ஆக்கி அனுப்புவார்கள். புதுசைப் பழசாக்க இத்தனை தண்ணீர், இத்தனை மருந்து, இத்தனை ஆட்கள். யாருக்கு இந்த யோசனை முதலில் வந்ததோ, அவனை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். அது போகட்டும். துவைத்த தண்ணீர் மை கரைத்தாற்போல் நீலமாகக் கொட்டகைக்குப் பின்னால் வந்து விழும். அங்கே வரிசையாகத் தொட்டிகள். ஒன்றில் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு நீலத்தை அடியில் தங்க வைக்க வேண்டும். அடுத்ததில் காற்று ஊத வேண்டும். அதற்கடுத்ததில் மணல் வழியே வடிய விட வேண்டும். இத்தனைக்கும் ஒரே ஆள்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் தொட்டிக்காரர்.

செய்ய வேண்டும், செய்ய வேண்டும் என்று சொல்கிறேனே தவிர, செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. காற்று ஊதும் மெஷின் கரண்டைக் குடிக்கிறது என்று மேனேஜர் அதை நிறுத்தி எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆர்டர் கூடக் கூடத் தொட்டிகள் போதாமல், பாதித் தண்ணீர் பக்கவாட்டுக் குழாய் வழியாக நேரே ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் தொட்டிக்காரர் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். "உன் வேலை வால்வத் திருப்பறது. என்னைத் திருப்பறது இல்ல," என்று பதில் வந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டார். வால்வைத் திருப்பினார்.

இவ்வளவையும் பூசி மெழுகத்தான் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மீன்தொட்டி. உள்ளே வெள்ளை ஓடு, சுற்றிலும் செடிகள், மேலே 'சுத்திகரிக்கப்பட்ட நீரில் வாழும் மீன்கள்' என்று பலகை. ஒரு குழாயிலிருந்து சளசளவென்று தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். அந்தக் குழாயை மண்ணுக்கடியில் தோண்டிக்கொண்டே போனால் அது பின்பக்கத் தொட்டிகள் இருக்கும் திசைக்கே போகாது. கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் போர்வெல்லில் போய் நிற்கும். மீன்களுக்குக் கிடைத்தது முதல் தரமான தண்ணீர். கம்பெனியில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஓவர்டைம் இல்லாமல், உடம்பு வைத்துக் கிடந்த ஜீவன்கள் அவை மட்டும்தான். உள்ளே வேலை செய்கிற எல்லோருக்கும் விஷயம் தெரியும். அந்தத் தொட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் ஷோரூம். யாரும் வெளியே போய்ச் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு?

வெளியே ஒருத்தி அந்தத் தொட்டியை முழுசாக நம்பினாள். தொட்டிக்காரரின் மகள். சின்ன வயதில் ஒரு நாள் அவளைக் கம்பெனி கேட்டுக்கு அழைத்துப்போய் மீன்களைக் காட்டியிருந்தார். "நீங்கதான் இந்தத் தண்ணிய சுத்தம் பண்றீங்களாப்பா?" என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார். குழந்தை கண்ணை விரித்துக்கொண்டு கேட்கும்போது போர்வெல் கதையையா எடுத்துவிட முடியும்? அந்த ஆமாம் அவளோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பொருத்தமான பெயர்தான். சுற்றுச்சூழல் மன்றத்தில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் ஒருவரும் நிம்மதியாகப் பல் விளக்க முடியவில்லை. குழாயைத் திறந்தால் பின்னாலேயே வந்து மூடுவாள். விளக்கைப் போட்டால் யாருக்காக எரிகிறது என்று கேட்பாள். அம்மா கடையிலிருந்து பிளாஸ்டிக் பையோடு வந்தால் அன்றைக்கு ஒரு பிரசங்கம் நிச்சயம். தொட்டிக்காரரின் மனைவி பேக்கரியில் நாள் முழுக்க நின்றபடி பொட்டலம் கட்டுகிறவள், "வேலையிலதான் ஒரு சூப்பர்வைசர்னா வீட்லயும் ஒண்ணா?" என்பாள். ஆனால் அடுத்த நாள் துணிப்பை எடுத்துக்கொண்டுதான் போவாள்.

மேனேஜர் சொன்ன மறுநாள் சாயங்காலம் தொட்டிக்காரர் வீட்டுக்குள் நுழைந்தால் கால் வைக்க இடமில்லை. தரை முழுக்க அட்டைகள். வாலு நடுவில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுத்துக்குள் வண்ணம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மிதிச்சிடாதீங்க. மொதல்ல உங்க கம்பெனிக்குத்தான் வர்றோம், தெரியுமா?"

"ஏன், ஊர்ல வேற கம்பெனியே இல்லியா?"

"மத்தவங்க யாரும் உள்ளயே விடல. உங்க மேனேஜர் ஒருத்தர்தான் வாங்க வாங்கன்னு கூப்பிட்டாராம். டீச்சருக்கே ஆச்சரியம்." அவள் எழுந்து உட்கார்ந்தாள். "எங்க க்ளாஸ்ல கண்ணாடி இருக்கால்ல, அவ சொல்றா, கம்பெனிக்காரங்க எல்லாருமே ஏமாத்துக்காரங்களாம். மீனெல்லாம் சும்மா ஷோவாம். நான் விடுவேனா? எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு எழுந்து நின்னு சொன்னேன். அவரு பொய் சொல்றாருன்னு நீ காட்டிட்டா நான் மன்றத்த விட்டே போயிடறேன்னும் சொல்லிட்டேன்."

ஓரமாகத் தட்டோடு உட்கார்ந்திருந்த தொட்டிக்காரர் வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதியில் நின்றது. "எதுக்கும்மா இந்த வீராப்பெல்லாம்?"

"வீராப்பு இல்லப்பா. உண்மையத்தானே சொன்னேன்?"

"சரி, வந்து என்னதான் கேக்கப் போறீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான். ஓடை பாலத்துக்கிட்ட எப்படி நாறுதுன்னு பாத்திருக்கீங்கல்ல? நாங்க உங்க வயசுக்கு வரும்போது அதுல எங்களுக்குன்னு என்ன மிச்சம் வெக்கப் போறீங்க? அதான் கேள்வி. எல்லாப் பெரியவங்ககிட்டயும் இதையே கேப்போம். யாராவது ஒருத்தர் ஒழுங்கா பதில் சொல்ற வரைக்கும் விட மாட்டோம்." பிறகு கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்க சொல்லிடுவீங்க. எனக்குத் தெரியும்," என்றாள்.

இதைக் கேட்டுவிட்டு எந்த மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கும்? தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். வாசல் வரை போனார், திரும்பி வந்தார். கை கழுவவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அன்னிக்கு நீ வந்துதான் ஆகணுமா?" என்றார். "தலைவலின்னு சொல்லிட்டு வீட்லயே இரேன். மத்த புள்ளைங்க போய்க் கேக்கட்டும்."

"நல்லா இருக்குங்க," என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "பெத்த அப்பாவே புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுக்கறது. உங்களுக்குத்தான் ரெண்டு நாளா ஏதோ ஆயிருக்கு. காலு ஒரு எடத்துல நிக்குதா பாருங்க."

கால் நிற்கவில்லைதான். பொய்க்குப் பழகிய ஆட்கள் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார்கள், மேனேஜரைப் போல. தொட்டிக்காரர் அந்த ரகம் இல்லை. அதற்காக நல்லவர் என்று தூக்கி வைத்தும் பேச வேண்டாம். வாலு தன் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையைக் காட்டியபோது, "அந்தத் தொட்டி போர்வெல் தண்ணிடா கண்ணு," என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. "கலர் நல்லா இருக்கு," என்றார்.

வருகைக்கு முதல் நாள் மேனேஜருக்குச் சுத்தத்தின் மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. மீன்தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது, மொத்தத்தையும் வடித்து, ஓடுகளைத் தேய்த்து, காலையில் புதுத் தண்ணீர் விடு என்று உத்தரவு. தொட்டிக்காரர் மீன்களை ஒரு டிரம்மில் பிடித்துப் போட்டார். முழங்கால் வரை பேன்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, ஓடு பளபளக்கிற வரை தேய்த்தார். அவருக்கும் ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. தேய்க்கிற வரை யோசிக்க வேண்டியதில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் போய்க் குழாயைத் திறந்தார். குழாய் ஒரு தரம் இருமியது. காற்று வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

ஓடிப்போய் மோட்டார் அறையைத் திறந்தால் கருகின வாடை. அந்த மோட்டார் ஒரு வாரமாகவே முனகிக்கொண்டிருந்தது. சொன்னால் மேனேஜர் எண்ணெய் போடு என்பார், எண்ணெய்க்கும் அது மசியாது. இந்தக் கூத்து முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டவர் இவர்தான். தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து பாய்லர்காரரிடம் ஓடினார்.

"அண்ணே, உங்க தண்ணி கொஞ்சம் கெடைக்குமா?"

"என் தண்ணியா? கொதிக்குதுய்யா. மீன வளக்கப் போறியா, வேக வெக்கப் போறியா?"

"வெளையாடாதீங்கண்ணே. மோட்டார் போச்சு."

பாய்லர்காரர் சிரிப்பை நிறுத்தினார். "மேனேஜர்கிட்ட சொல்லிடு. நீ எதுக்கு மண்டையப் போட்டு ஒடச்சுக்கறே?"

சொல்லியிருக்கலாம். தண்ணீர் லாரிக்குச் சொன்னாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். மேனேஜர் கத்துவார், வருகையைத் தள்ளிப் போடுவார், அவ்வளவுதான். ஆனால் தொட்டிக்காரரின் மனசு அன்றைக்கு நேராக ஓடவில்லை. தொட்டி காலியாக இருந்தால் பிள்ளைகள் ஏன் என்று கேட்கும். மோட்டார் என்று யாராவது வாயை விட்டால், மீன்தொட்டிக்கு எதற்கு போர்வெல் மோட்டார் என்று அந்தக் கண்ணாடி கேட்காமல் விடுமா? வாலு முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? எப்படியாவது தொட்டியை நிரப்பிவிட்டால் போதும், ஒரு மணி நேரம் தாக்குப் பிடித்தால் போதும். பயந்தவனுக்கு வருகிற யோசனை எல்லாம் இப்படித்தான், முட்டுச் சந்துக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போகும்.

சலவைத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வித்தை கைவந்தது. நீலத்தை எடுப்பது. துணியின் நீலத்தை எடுக்கிற அதே ப்ளீச் தண்ணீரின் நீலத்தையும் எடுக்கும். பிறகு ப்ளீச்சின் காரத்தை அடக்க ஒரு பவுடர் போடுவார்கள். தொட்டிக்காரர் பின்பக்கக் கடைசித் தொட்டியிலிருந்து ஹோஸ் இழுத்து, ஓடைக்குப் போக வேண்டிய தண்ணீரை மீன்தொட்டிக்குக் கொண்டுவந்தார். ப்ளீச்சைக் கலந்தார். நீலம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போயிற்று. பவுடரைத் தூவினார். ஓடு ஒவ்வொன்றும் எண்ணலாம் போலத் தெரிந்தது. போர்வெல் தண்ணீரே இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

மீன்களை விட்டார். உள்ளே போனதும் அவை சட்டென்று நின்றன, பிறகு கூட்டமாக மேலே வந்தன. வந்தவை இறங்கவில்லை. தொட்டிக்காரர் ஹோஸைச் சுருட்டிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தார். "கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம்," என்று அவற்றிடம் கெஞ்சினார். யாராவது கேட்டிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். குழாயில் தண்ணீர் விழவில்லையே என்று மேனேஜர் கேட்டதற்கு, சத்தத்தில் பேச்சுக் கேட்காது, அதனால் நிறுத்தியிருக்கிறேன் என்றார். நல்ல யோசனை என்று மேனேஜர் முதுகில் தட்டினார்.

பிள்ளைகள் வந்தார்கள். கையில் அட்டைகள், முதுகில் பைகள், முன்னால் அவர்களைவிடக் கொஞ்சமே வயது கூடிய மாதிரி இருந்த ஒரு டீச்சர். வாலு அப்பாவைப் பார்த்ததும் கையை உயர்த்தி ஆட்டினாள். பக்கத்தில் தடிமனான கண்ணாடி போட்ட ஒரு பெண், அவள் ஆட்டவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பலகையைப் படித்தாள்.

மேனேஜர் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற மாதிரி வரவேற்றார். இயற்கை நமக்குத் தாய் என்றார். நாளைய உலகம் உங்கள் கையில் என்றார். அவர் வாயில் இதெல்லாம் இவ்வளவு சரளமாக வரும் என்று தொட்டிக்காரருக்கு அன்றுவரை தெரியாது. இவரோ தொட்டியின் ஓரத்தில் நின்றபடி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். ஒரு மீன் லேசாகச் சாய்ந்து நீந்தியது. அவர் நகர்ந்து நின்று அதை மறைத்தார்.

"இதோ நிக்கறாரே, இவர்தான் இந்தத் தண்ணியச் சுத்தம் பண்றவர்," என்று மேனேஜர் கை காட்டினார்.

"எங்கப்பா," என்றாள் வாலு, டீச்சரைப் பார்த்து. டீச்சருக்கு ஏற்கெனவே தெரியும், எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னாள்.

"ஏன் சார் மீனெல்லாம் மேலயே நிக்குது?" கண்ணாடி கேட்டாள்.

"பசிம்மா. ஆளுங்களப் பாத்தா சாப்பாடு வரும்னு அதுங்களுக்குத் தெரியும். கேன்டீன் வாசல்ல எங்க ஆளுங்க நிக்கற மாதிரி," என்றார் மேனேஜர். பிள்ளைகள் சிரித்தார்கள். கண்ணாடி சிரிக்கவில்லை.

"இது நெஜமாவே சுத்தமான தண்ணியா சார்?"

"குடிக்கலாம்மா."

"குடிக்கலாமா?"

"தாராளமா. அவ்வளவு சுத்தம்." மேனேஜர் சொன்னதில் அவரளவுக்கு ஒரு நேர்மை இருந்தது. அவரைப் பொறுத்தவரை அது போர்வெல் தண்ணீர்; கேன்டீனில் தினமும் அவரே குடிக்கிற தண்ணீர். "யாருக்கு வேணும்? வாட்ச்மேன், ஒரு டம்ளர் கொண்டாய்யா."

டீச்சர் தயங்கினாள். "அதெல்லாம் எதுக்கு சார்? பாத்தாலே தெரியுதே."

"இல்ல டீச்சர்," என்று வாலு முன்னால் வந்துவிட்டாள். "நான் குடிக்கறேன். எங்கப்பா சுத்தம் பண்ண தண்ணிதானே." கண்ணாடியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "அப்புறம் நீ ஒண்ணும் பேசக் கூடாது."

வாட்ச்மேன் டம்ளரைக் கொடுத்தாகிவிட்டது. வாலு குனிந்து மொண்டுகொண்டிருந்தாள். தடுக்கி விழுந்து அவள் கையைத் தட்டிவிடலாமா? மயக்கம் போட்டு விழுந்துவிடலாமா? தொட்டிக்காரர் மனசில் என்னென்னவோ ஓடியது.

"வேண்டாம்மா, மீனோட அழுக்கெல்லாம் இருக்கும்," என்றார்.

"அட, நீ வேற. பாப்பா ஆசையா கேக்குது, ஒரு மடக்குக் குடிக்கட்டுமேய்யா," என்றார் மேனேஜர்.

"ஒரு மடக்குதான்ப்பா," என்றாள் வாலு. டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தேகம் என்று ஒரு துளி இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பயமாக ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

டம்ளர் உதட்டுக்குப் போயிற்று.

"குடிக்காதே," என்றார் தொட்டிக்காரர். "கீழ வை. அது கெட்ட தண்ணி."

வாலுவின் கை அப்படியே நின்றது. மேனேஜர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார்; சுதாரித்துக்கொண்டு, செய்யக் கூடாததைச் செய்தார். தொட்டிக்காரரின் தோளைப் பிடித்து இழுத்து, காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, வருஷக்கணக்காக மெஷின் சத்தத்தில் பேசிப் பழகிய குரலில் சொன்னார். "உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? போர்வெல் தண்ணிதானேய்யா அது? குடிச்சா என்னய்யா ஆகப் போவுது?"

கடைசி வரிசையில் நின்ற பிள்ளைக்கும் கேட்டது. கண்ணாடி பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"போர்வெல் ஓடல சார்," என்றார் தொட்டிக்காரர். "மோட்டார் கருகிப் போச்சு. ஓடைக்குப் போற தண்ணியத்தான் புடிச்சு விட்டிருக்கேன். ப்ளீச் போட்டு நீலத்த எடுத்திருக்கேன். நீலம்தான் போயிருக்கு. மத்ததெல்லாம் அதுலயேதான் இருக்கு." சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கால் ஆடவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் ஒரே இடத்தில் நின்றிருந்தார்.

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். வேலை அழுத்தம், பாவம், மனுஷன் குழம்பிப் போயிருக்கிறார், நேரமும் ஆகிவிட்டது, பிள்ளைகளுக்குப் பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறோம் என்றார். டீச்சர் பிள்ளைகளைக் கேட் பக்கம் திருப்பத் தொடங்கினாள். பாவம், அவளும் சின்னப் பெண்தானே. தொட்டியில் ஒரு மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. இப்போது யாரும் அதை மறைக்கவில்லை.

வாலு நகரவில்லை. டம்ளரைத் தொட்டியின் விளிம்பில் சிந்தாமல் வைத்தாள். அழப் போகிறாள் என்று தொட்டிக்காரர் நினைத்தார். அழுதால் தேவலை, கிட்டப் போய்த் தலையைத் தடவலாம் என்றும் நினைத்தார்.

"டீச்சர், நாம கேக்க வந்தத இன்னும் கேக்கவே இல்ல," என்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "நெஜத் தண்ணி எங்க போவுது சார்? அதக் காட்ட முடியுமா?"

சார். அந்தச் சொல்லை மேனேஜரிடம் பிள்ளைகள் அதுவரை எத்தனையோ தடவை சொல்லியிருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொட்டிக்காரர் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க பாருய்யா," என்றார் மேனேஜர், இந்தத் தரம் உண்மையாகவே தாழ்ந்த குரலில். "அந்தப் பக்கம் ஒரு அடி வெச்சேன்னா நாளைக்கு கேட்டுக்குள்ள வராத."

"சரி சார்," என்றார் தொட்டிக்காரர். பிள்ளைகளைப் பார்த்தார். "வாங்க. தரையெல்லாம் வழுக்கும், பாத்து வரணும்."

பாய்லர் அறையைத் தாண்டி, ஈரத் துணி மூட்டைகளைத் தாண்டி, கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார். பாய்லர்காரர் வெளியே வந்து ஒதுங்கி வழிவிட்டார், கிண்டல் எதுவும் செய்யவில்லை. தொட்டிக்காரர் வால்வுகளைத் திருப்பித் திருப்பிப் பழகிய கைகளால் ஒவ்வொன்றாகக் காட்டினார். இது நின்றுபோன காற்று மெஷின். இது தொட்டிகளுக்குப் போகாமல் தாண்டிப் போகிற குழாய். இது அந்தக் குழாயின் வால்வு, இதைத் திறப்பது நான்தான். சுவரில் ஒரு ஓட்டை. அதன் வழியே எட்டிப் பார்த்தால் ஓடை. தண்ணீர் புகை விட்டுக்கொண்டு விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து பாலம் வரைக்கும் நீலம்.

பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். டீச்சர் தன் போனில் படமெடுத்தாள். கண்ணாடி எழுதிக்கொண்டே இருந்தாள். ஆனால் அவள் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. வாலுவின் பக்கத்தில் ஒட்டி நின்றாள்.

"இத நிறுத்தணும்னா என்ன சார் பண்ணணும்?" வாலு கேட்டாள்.

"காத்து மெஷின ஓட விடணும். இன்னும் ரெண்டு தொட்டி கட்டணும். கட்டற வரைக்கும் துவைக்கறதக் கொறைக்கணும். இந்த வால்வப் பூட்டிச் சாவிய எங்களுக்கு வெளிய இருக்கிற யார்கிட்டயாவது குடுத்துடணும். எங்ககிட்ட இருந்தா மறுபடியும் தொறந்துடுவோம்."

"இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இங்க சொன்னேன். கேக்கல. அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொல்லல." வாலுவைப் பார்த்தார். "வீட்லயும் சொல்லல."

அவள் தலையை ஆட்டினாள். எல்லோரிடமும் கேட்பதற்காக எழுதி வைத்திருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், அதில் இருந்த கேள்வியைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டாள்.

"எத்தன வருஷமா சார் இந்த வேலையில இருக்கீங்க?"

அவளுக்குத் தெரியாததா? அவள் பிறந்த வாரம் கிடைத்த வேலை. நீ வந்த வேளைதான் எனக்கு வேலை வந்தது என்று தூக்கி வைத்துக் கொஞ்சிக் கொஞ்சி அவர் சொன்ன கதை. தண்ணீர் விழுகிற சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரிச் சொன்னார்.

"உன் வயசும்மா."

வாலு நிமிரவில்லை. பக்கத்தில் கண்ணாடியின் பேனா காத்துக்கொண்டு நின்றது.

"வருஷக் கணக்குல சொல்லுங்க சார்," என்றாள்.

சொன்னார்.